சிந்தாமணி கம்ப்யூட்டருக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

வரன் விஷயமாகச் சிந்தாமணி வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒரு வேலை செய்தாக வேண்டும். கையிலிருக்கும் செல்போனை எடுத்து, கூடத்து மேசைமேல் இருக்கும் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்கிற அதே தாம்பாளம்தான். மாப்பிள்ளையின் அப்பா வைப்பார், அம்மா வைப்பார், வம்பு கேட்க ஒட்டிக்கொண்டு வந்த சித்தப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே வைப்பார். எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் சிந்தாமணி கம்ப்யூட்டர்மேல் போர்த்தியிருக்கும் பழைய சேலைத் துணியை விலக்கி, பெண்ணின் போட்டோவைத் திரையில் காட்டுவாள்.

"போன்ல அனுப்பிவிடும்மா, வூட்டுலயே பாத்துக்கறோம்" என்று சொல்லாத ஆள் கிடையாது. அவள் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"அனுப்புறதில்லீங்க. பொண்ணு போட்டோ ஒரு போனுக்குப் போனா ஊரு பூரா போன மாதிரி. வந்து பாருங்க, டீ சாப்புடுங்க, புடிச்சா சொல்லுங்க."

நான் ராசாங்கம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, சில்லறைக்குச் சண்டை போட்டே தொண்டையைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். யாரையும் லேசில் பாராட்டமாட்டேன் என்று என் மனைவி சுமதி சொல்வாள், அது உண்மைதான். ஆனால் பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் இந்தப் பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் சோறு செரிக்காது.

சிந்தாமணிக்குச் சொந்த ஊர் குன்னத்துக்குப் பக்கம். அப்பா அம்மாவுக்குக் காணி நிலம் இல்லை. அடுத்தவர் காட்டில் வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். சிந்தாமணியும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சின்ன வெங்காயத்துக்குத் தாளும் வேரும் அரிகிற வேலைக்குப் போனாள். அந்த வேலைக்கு நாலா ஊரிலிருந்தும் பெண்கள் வருவார்கள். கை அது பாட்டுக்கு வெங்காயம் அரியும், வாய் அது பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். யார் வீட்டுப் பெண் வயசுக்கு வந்து காத்திருக்கிறாள், யார் பையன் கல்யாணத்துக்குப் பிகு பண்ணுகிறான் என்பதெல்லாம் வெங்காயக் குவியலைச் சுற்றி உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரிந்துவிடும். விளையாட்டாக ஒரு ஜோடியைச் சேர்த்து வைத்தாள். அது நன்றாக இருந்தது. இன்னொன்று சேர்த்தாள். அப்புறம் ஆட்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கணவர் வீரமணி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் தங்கமாட்டார். மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். படிக்கும்போது அவன் வாங்கிய கம்ப்யூட்டர்தான் இப்போது அவளுக்குத் தொழில் பண்ணும் சாமான்.

அவள் விசாரிக்கிற விதமே தனி. மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒருத்தரையும் கேட்கமாட்டாள். அவர்கள் போன வருஷம் வரை வாடகைக்கு இருந்த வீட்டின் அக்கம்பக்கத்தில் கேட்பாள். மளிகைக் கடையில் கேட்பாள். "பையன் நல்லவனா?" என்று கேட்கவேமாட்டாள். "கோவம் வந்தா என்ன பண்ணுவாரு?" என்றுதான் கேட்பாள். கிடைத்த பதிலில் நல்லதையும் கெட்டதையும் இரண்டு பக்கத்துக்கும் அப்படியே சொல்லிவிடுவாள். அதனால் முறிந்துபோன சம்பந்தங்கள் ஏராளம். முறிந்ததற்காக அவளைக் கும்பிட்டவர்களும் உண்டு.

என் மகள் வெற்றிச்செல்வி ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறாள். அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த புதிதில், ஊரே செய்கிறதே என்று அவள் போட்டோவை ஒரு இணையதளத்தில் போட்டோம். அது எங்கெங்கோ சுற்றி, முகம் தெரியாத ஆண்கள் போன் செய்து கண்டபடி பேச ஆரம்பித்தார்கள். நம்பரை மாற்றினோம். அதோடு அவள் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கலகலவென்று இருந்த பிள்ளை, வேலை விட்டால் அறை, அறையை விட்டால் வேலை என்று ஆகிப்போனாள். சிந்தாமணி வீட்டுத் தாம்பாளத்தைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தாள். "அங்க மட்டும் இருக்கட்டும்ப்பா" என்று ஒரு போட்டோ கொடுத்தாள். ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் திருடனைப் பார்க்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். வேறு போட்டோ தரமாட்டேன் என்றுவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க!"

போனேன். சிந்தாமணி கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஊர் ஊராகப் பெயர் போட்டுப் போட்டோக்களை அடுக்கியிருந்த பெட்டிகள் ஒன்றும் ஒழுங்காக இல்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி முளைத்திருந்தது. அமுக்கினால் கறுப்பாக ஏதோ மின்னி மறைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"அழிஞ்சு போயிருந்தாக்கூட பரவால்லண்ணே. கையில கால்ல வுழுந்து மறுபடி வாங்கிக்கலாம். எங்கயாச்சும் வெளிய போயிருந்தா? அத்தனை பொண்ணுங்களுக்கும் நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் என் மகளும் இருந்தாள்.

"நெட்டே நான் குடுக்கலியேண்ணே. எல்லாக் கதவையும் சாத்தித்தானே வச்சிருந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான். அந்தக் கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பே கிடையாது. வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவள் அவள்.

பெரம்பலூரிலேயே ரிப்பேர் கடைகள் இருக்கின்றன. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொண்ணுங்க போட்டோ உள்ள இருக்கு. தெரியாத கடையில வச்சிட்டு வர முடியுமா?" அரியலூரில் புவனேஸ்வரி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் கடையை மூடமாட்டேன் என்று அவள் போட்ட நிபந்தனைக்கு ஒத்துவருகிற மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தவள் சிந்தாமணி. அங்கேதான் போக வேண்டும் என்றாள். சி.பி.யூ-வை அந்தச் சேலைத் துணியிலேயே சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றான். நான் செய்த வேலையை என்னிடமே செய்தான். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

புவனேஸ்வரி ஒயரை மாட்டித் திரையைப் பார்த்ததுமே கேட்டாள். "அக்கா, பென்டிரைவ் ஏதாச்சும் போட்டீங்களா?"

"போடாம? வர்றவங்க எல்லாரும் ஜாதகம் போட்டோவெல்லாம் அதுலதானே கொண்டாராங்க. போன வாரங்கூட ஒருத்தங்க ஸ்டூடியோவுலேருந்து நேரா எடுத்துட்டு வந்தாங்க."

"அதுல ஏறித்தான் வைரஸ் வந்திருக்கு. வாசக்கதவைச் சாத்திட்டீங்க. உள்ள வர்ற விருந்தாளி பையில என்ன இருக்குன்னு பாக்காம உட்டுட்டீங்க."

சிந்தாமணிக்கு முகம் செத்துப்போயிற்று. புவனேஸ்வரி ஏதேதோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில், "எல்லாம் அப்படியே இருக்குக்கா. ஒளிச்சுத்தான் வச்சிருக்கு" என்றாள். நான் ஆவலாக எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றாள் சிந்தாமணி.

கூடவே வந்தவன், பெண்ணைப் பெற்றவன், எனக்கும் அதே சட்டம்! காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவள் ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிச் சரிபார்ப்பது கேட்டது. குன்னம் இருக்கு, தா.பழூர் இருக்கு, விக்கிரமங்கலம் இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் "வெற்றி போட்டோவும் இருக்குண்ணே" என்றாள். அந்தக் காலண்டரில் இருந்த முருகனை அங்கேயே கும்பிட்டேன்.

"வெளிய போயிருக்குமா, புவனா?"

"நெட்டு இருந்திருந்தா என்னால உறுதியாச் சொல்ல முடியாது. இல்லாததால எங்கயும் போவல. அந்த வகையில நீங்க செஞ்சது நல்லதுதான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அது உள்ள வந்தப்புறம் வேற யாரு பென்டிரைவ் இதுல போட்டிருந்தாலும் அதுலயும் ஏறியிருக்கும்க்கா. அவங்க வூட்டுக் கம்ப்யூட்டருக்கும் போயிருக்கலாம்" என்றாள்.

சிந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெண்களின் போட்டோவைத்தான் அனுப்பமாட்டாளே தவிர, மாப்பிள்ளைகளின் ஜாதகத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். அந்த வாரத்தில் அப்படி வாங்கிப் போனவர்கள் தா.பழூரில் ஒரு வீடு, விக்கிரமங்கலத்தில் ஒரு வீடு, அப்புறம் எங்கள் வீடு. வெற்றிச்செல்வியும் ஒரு ஜாதகம் வாங்கி வந்திருந்தாள்.

"போன் பண்ணிச் சொல்லிடலாம்" என்றேன்.

"மாப்பிள்ளை வூட்டுக் குறையச் சொல்ல மட்டும் நேர்ல போறேன். என் வூட்டுக் குறையப் போன்ல சொல்றதா?" என்றாள். அப்புறம் தணிந்த குரலில், "வெற்றிகிட்ட மட்டும் கடைசியாச் சொல்றேண்ணே. நீங்க முந்திக்காதீங்க. நோவு வந்துச்சுன்னு சொல்றப்ப, இன்ன வைத்தியம் பண்ணிட்டேன்னும் சொல்லணும்ல" என்றாள்.

அந்த வைத்தியம் எது என்பதுதான் அடுத்த கேள்வி. புவனேஸ்வரி மூன்று வழி சொன்னாள். வருஷா வருஷம் பணம் கட்டி வாங்குகிற ஆன்டிவைரஸ் ஒன்று. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்வது ஒன்று. மூன்றாவது விண்டோஸோடு சேர்ந்து கம்ப்யூட்டரிலேயே இருப்பது. ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்த ஆள், தொந்தரவாக இருக்கிறதென்று அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"மூணையும் போட்டுடேன். மூணு பேரு காவல் இருந்தா நல்லதுதானே?" என்றாள் சிந்தாமணி.

"ஒரே அடுப்படியில மூணு மாமியார விட்ட மாதிரி ஆயிடும்க்கா. ஒண்ண ஒண்ணு சந்தேகப்பட்டு மெஷினு நவுராது. ஏதாச்சும் ஒண்ணத்தான் வைக்கணும்."

"அப்ப இரு. விசாரிச்சுட்டுச் சொல்றேன். கடைசியாச் சொன்னியே, அது வேணாம். சும்மா கெடந்தது, அணைச்சா அணைஞ்சும் போச்சு. அத எப்படி நம்புறது?"

புவனேஸ்வரி சிரித்தாளே தவிர மறுத்துப் பேசவில்லை. கம்ப்யூட்டரைக் கடையின் உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சிந்தாமணி கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் என் டி.வி.எஸ். மொபெட்டில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் விசாரணைதான். பணம் கட்டி வாங்குகிறதை வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்த கிளார்க் அதன் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினாள்.

"அதெல்லாம் சரிங்க. நல்லதப் பாத்துக் கெட்டதுன்னு நெனச்சுக்கிட்டா என்ன பண்ணும்? அடிச்சுப் போட்டுடுமா, ஓரமா உக்கார வச்சிட்டு நம்மளக் கேக்குமா?"

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் காலண்டர் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்பதைத்தான் இப்படிக் கேட்கிறாள் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். கிளார்க் யோசித்துவிட்டு, காவலில் குறை இல்லை என்றும், ஆனால் ஒருதரம் மார்க் ஷீட் அடிக்கிற சாஃப்ட்வேரையே வைரஸ் என்று தூக்கிவிட்டது, மீட்க ஆள் வரவேண்டியதாயிற்று என்றும் சொன்னார். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் கொஞ்சம் திணறும் என்றும் சொன்னார். குன்னத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இலவசமாக இறக்கியதை வைத்திருந்தார்கள். நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் அது மூலையில் எட்டி எட்டிப் பார்த்து, காசு கட்டினால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று நச்சரித்தது. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சீர் கேக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இந்த விசாரணைக்கு நடுவில்தான் அந்த இரண்டு வீடுகளுக்கும் போனோம். தா.பழூர் வீட்டில் பெண்ணின் அப்பா கேட்டதும் கத்தினார். "எங்க பொண்ணு போட்டோவ மொதல்ல எடுத்துடும்மா" என்றார். "எடுத்துடறேங்க. நீங்களே வந்து உங்க கையால அழிச்சிடுங்க" என்றாள். விக்கிரமங்கலத்தில் வேம்பு என்கிற அம்மா, வாங்கிப்போன பென்டிரைவை அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தார். ஜாதகம் என்பதால் நல்லநாள் பார்த்துத்தான் திறக்க வேண்டுமென்று அப்படியே வைத்திருந்தாராம். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்த?" என்று சிந்தாமணிக்கு மோர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அந்த மோருக்காக அந்தம்மாவை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

சாவியோடு மறுபடி அரியலூர் போனோம். சிந்தாமணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "புவனா, உன் கடை மெஷினுக்கு நீ எத வச்சிருக்க?"

"உங்க மெஷின்ல அணைஞ்சு கெடந்துச்சே, அதத்தான்க்கா."

"அடிப்பாவி. கோவம் வந்தா?"

"ஓரமா எடுத்து வச்சிட்டு உங்களக் கேக்கும். உங்க ஜாதக சாஃப்ட்வேர இது நம்ம ஆளுன்னு சொல்லிக் குடுத்துட்டா அத ஒண்ணும் பண்ணாது. அதுக்குத்தான் அந்த ஆளு அணைச்சிருக்காரு, சொல்லிக் குடுக்கச் சோம்பல். வாரத்துக்கு ஒருதரம் உங்க போன்லேருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் புது விவரம் மட்டும் வாங்கிக்க விடுங்க. முடிஞ்சதும் மறுபடி சாத்திக்கங்க. பென்டிரைவ் எது வந்தாலும் அது பாத்தப்புறம்தான் நீங்க தொறக்கணும்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா எங்க அண்ணன் வண்டி பெட்ரோலு மிச்சமாயிருக்குமே?"

"நீங்க விசாரிக்காம ஒத்துக்குவீங்களா?"

சிந்தாமணி வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களாண்ணே, முறைமாப்பிள்ளைய வூட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் வரன் தேடியிருக்கேன்!" கிளம்பும்போது புவனேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லாயிரு சாமி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். தா.பழூர்க்காரரும் சொன்னபடி வந்து, போனைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, தன் மகளின் போட்டோவைத் தானே அழித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெற்றிச்செல்வி அப்போதுதான் வேலைக்குப் போய்விட்டு வந்து சோபாவில் சாய்ந்திருந்தாள். சிந்தாமணி உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பென்டிரைவில் வைரஸ் வந்தது, போட்டோக்கள் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தது, வெற்றிச்செல்வி வாங்கிப்போன பென்டிரைவிலும் அது ஏறியிருக்கும் என்பது, ஒன்று விடாமல் சொன்னாள். நான் சுமதியின் முகத்தையும் சுமதி என் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகள் இதோடு எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அதை மறுபடி திறக்க என்னிடம் வழி எதுவும் இல்லை.

"தப்பு என்னோடதும்மா. உன் போட்டோ எங்கயும் போவல. அழிக்கணும்னாலும் சொல்லு, இப்பவே வா" என்று முடித்தாள்.

வெற்றிச்செல்வி நிதானமாகச் சொன்னாள். "தெரியும் அத்தே."

"என்ன தெரியும்?"

"லேப் கம்ப்யூட்டர்ல பென்டிரைவப் போட்ட ஒடனேயே வைரஸ் இருக்குன்னு காட்டிக் குடுத்துடுச்சு. உங்க மெஷின்லேருந்துதான் வந்திருக்கும்னு தெரியும். அப்பவே வந்து சண்டை போடலாம்னு நெனச்சேன். அப்புறம், நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாப்போம்னு இருந்துட்டேன்."

சிந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னையே விசாரிச்சிருக்கியாடி?"

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரும்போது கையில் வேறொரு பென்டிரைவ் இருந்தது. "அந்தப் பழைய போட்டோவ எடுத்துட்டு இத வைங்க."

நாங்கள் எல்லோரும் எதிர்வீட்டுக்குப் போனோம். சிந்தாமணி சொல்வதற்கு முன்பே நான் போனை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். வெற்றிச்செல்வி பென்டிரைவைச் செருகியதும் சிந்தாமணி அவள் கையைத் தடுத்து, "இரு, மொதல்ல அது பாக்கட்டும்" என்றாள். பச்சைக்கோடு மெதுவாக நகர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தோம். ஒரு குறையும் இல்லை என்று வந்த பிறகுதான் திறந்தாள்.

கூட வேலை செய்கிற யாரோ எடுத்த போட்டோ. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சிந்தாமணி என்னைத் திரும்பச் சொல்லவில்லை.

வெற்றிச்செல்விக்கு இன்னும் வரன் அமையவில்லை. எனக்கு அவசரமும் இல்லை. அமைகிறபோது அமையட்டும். அவள் சிரிப்பை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் எதிர்வீட்டில் இருக்கிறாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். வாரா வாரம் ஹாட்ஸ்பாட் போடுவதற்கு நான்தான் என் போனை எடுத்துக்கொண்டு போகிறேன். அது முடிகிறவரை போன் தாம்பாளத்தில்தான் இருக்கும்.